ஆகமத்தைத் தொடலாம், சிலையைத் தொடக்கூடாதா?

எங்கள் தெரு மாரியம்மனுக்கு மூன்று தலைமுறையாகப் பூசை செய்தது என் பெரியப்பா குடும்பம். பெரியப்பா புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வந்ததும் கிணற்றடியில் குளிப்பார், வேட்டி மாற்றுவார், மஞ்சள் அரைத்து அம்மனுக்குச் சாத்துவார், வேப்பிலை செருகிக் கற்பூரம் காட்டுவார். மந்திரம் எதுவும் கிடையாது. "ஆத்தா, புள்ளகுட்டிங்கள காப்பாத்து" என்பார். அவ்வளவுதான் அவருடைய வேதமும் ஆகமமும். ஆடியில் கூழ் ஊற்றும்போது முதல் குவளையை அவர்தான் மொள்ளுவார்.

பிறகு எங்களுக்குக் கொஞ்சம் வசதி வந்தது. தெருவில் அரசு வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் ஆனார்கள். கோயிலை எடுத்துக் கட்டினோம், விமானம் வைத்தோம். கும்பாபிஷேகத்துக்குக் குருக்களை வரவழைத்தோம். யாகசாலை போட்டு, கலசம் வைத்து, எல்லாம் நன்றாகவே நடந்தது. கலச நீர் ஊற்றிய அன்று காலையில் பெரியப்பாவிடம் சொன்னார்கள்: "இனிமே நீங்க உள்ள வரக்கூடாது. பிரதிஷ்டை ஆயிடுச்சு." நாற்பத்தெட்டு நாள் மண்டல பூசை முடிந்தும் அந்த வார்த்தை மாறவில்லை. அதன் பிறகு அவர் சாகும் வரை வெளி மண்டபத்தில் நின்று திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவரை வெளியே நிறுத்தியது வந்த குருக்கள் மட்டுமல்ல என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நாங்களும்தான் நிறுத்தினோம். எங்கள் காசில் கட்டிய கோயிலில், எங்கள் வீட்டுப் பெரியவரை வெளியேற்றுவதை நாங்களே கௌரவம் என்று நினைத்தோம். பார்ப்பனியம் என்று நாம் சொல்வது இதைத்தான். பார்ப்பனர் இல்லாத தெருவிலும் அது வேலை செய்யும்.

இதை இப்போது எழுதக் காரணம், அண்மையில் நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்த ஒரு கும்பாபிஷேக மலர். அதில் ஓர் அர்ச்சகர் குடும்பத்தின் வரலாறும் பெருமையும் பல பக்கங்களுக்கு இருந்தது. இன்ன ரிஷி, இன்ன கோத்திரம், இத்தனை தலைமுறை, இத்தனை கோயில். ஒரு குடும்பம் தன் முன்னோரைப் பற்றி எழுதிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. என் பெரியப்பாவின் மூன்று தலைமுறையை எழுதத்தான் எந்த மலரிலும் பக்கம் இல்லை. ஒருவருடைய பாரம்பரியம் உரிமையாக எழுதப்படுகிறது. இன்னொருவருடைய பாரம்பரியம் ஒரே காலையில் கலச நீரோடு கழுவப்படுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஐந்து முகம், ஐந்து கோத்திரம்

தமிழகத்துச் சிவன் கோயில்களில் பூசை செய்யும் சிவாச்சாரியார்கள் தங்களை ஆதிசைவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாம் குருக்கள் என்கிறோம், மதுரையில் பட்டர் என்பார்கள். சதாசிவனின் ஐந்து முகங்களும் ஐந்து ரிஷிகளுக்குத் தீட்சை கொடுத்தன, அவர்கள் வழி வந்தவர்களே ஆதிசைவர்கள் என்பது அவர்கள் மரபு. கௌசிகர், காசியபர், பாரத்வாசர், கௌதமர், அகத்தியர் என்று பெயர் சொல்வார்கள். சில நூல்களில் கௌதமருக்குப் பதில் அத்திரி வருவார். தன் நலத்துக்காக வீட்டில் செய்யும் பூசை ஆன்மார்த்தம். ஊருக்காகக் கோயிலில் செய்வது பரார்த்தம். பரார்த்த பூசைக்கு ஆதிசைவருக்கு மட்டுமே உரிமை என்று காமிகம் முதலான ஆகமங்கள் சொல்கின்றன.

நீதிமன்றங்களில் இதையே கொஞ்சம் நைசாகச் சொல்வார்கள். "இது சாதி அல்ல. ஸ்மார்த்த அய்யர் வந்தாலும் சிலையைத் தொட முடியாது. பிறகு எப்படித் தீண்டாமை ஆகும்?" என்பார்கள். அய்யருக்கும் கதவு மூடியிருக்கிறது என்பது உண்மைதான். அது எனக்கு ஆறுதல் அல்ல. கதவு படிப்பைப் பார்த்தோ ஒழுக்கத்தைப் பார்த்தோ மூடப்படவில்லை, பிறப்பைப் பார்த்தே மூடப்பட்டது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. நான்கு வேதம் படித்த அய்யருக்கே இடமில்லை என்றால் உள்ளே போகத் தேவையானது படிப்பு இல்லை என்றுதானே பொருள்?

சரி, அந்த ஆகமம்தான் என்ன சொல்கிறது? அதைத் தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகத்திலேயே பெரிய சைவ ஆகமச் சுவடித் தொகுப்பு எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

ஓலை எங்கே இருக்கிறது?

கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஆட்சியை விட்டுப் போனார்கள், 1955-இல் இந்த நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கிய ழான் ஃபிலியொசாவும், அங்கே பணியாற்றிய என்.ஆர். பட்டும் கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள் வீடுகளிலும் கிடந்த ஆகமச் சுவடிகளைத் திரட்டினார்கள். கிடைத்ததை வாங்கினார்கள், கிடைக்காததைப் படியெடுத்தார்கள். ரௌரவம், மிருகேந்திரம், அஜிதம் போன்ற ஆகமங்கள் ஒப்பு நோக்கிப் பதிப்பிக்கப்பட்டன. இந்த நிறுவனத்திலும், இதே ஊரில் உள்ள பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் சுவடிகள் ஏறத்தாழ 11,000. 2005-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

இதை நான் குறை சொல்லவில்லை, நன்றியோடுதான் சொல்கிறேன். கரையான் தின்றிருக்க வேண்டியவை பிழைத்தன. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்த ஓலைகளைப் பல ஆண்டுகளாக யார் யாரோ தொட்டிருக்கிறார்கள். பாரிசிலிருந்து வந்தவர் தொட்டிருக்கிறார், மாட்டிறைச்சி உண்பவரும் பூணூல் இல்லாதவரும் தொட்டிருக்கிறார்கள். தொட்டதோடு நிற்கவில்லை, பிழை திருத்தினார்கள், அச்சிட்டார்கள். படியெடுத்த பிரதிகள் பல இன்று இணையத்தில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் புரட்டலாம். ஓலைக்குத் தீட்டு ஒட்டவில்லை. ஆகமத்தின் புனிதம் குறைந்துவிட்டது என்று எந்தக் குருக்கள் சங்கமும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்த ஓலையைக் கரைத்துக் குடித்த ஒரு வில்லியனூர்ப் பையன், குருக்கள் வீட்டில் பிறக்காதவன், சிலைக்கு ஒரு குடம் நீர் ஊற்றப் போனால் மட்டும் ஆகமம் கெட்டுவிடுகிறது! மூலநூலைத் தொடலாம், அந்த நூல் பேசும் கல்லைத் தொடக்கூடாது. இதில் எங்கே இருக்கிறது சாத்திரம்?

அந்த ஓலைகளைப் படித்தவர்கள் சொல்வதையும் கேளுங்கள். இதே புதுச்சேரியில் இருந்து ஆகமங்களை ஆய்ந்துவரும் டொமினிக் குடால் போன்றவர்கள், இன்று கோயில் பூசைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் காமிகம், காரணம் போன்ற நூல்கள் இப்போதைய வடிவில் பழைய சித்தாந்த நூல்களுக்குப் பிந்தியவை, 12-ஆம் நூற்றாண்டையொட்டியோ அதற்குப் பின்னரோ தென்னாட்டில் திரண்டவை என்று காட்டியிருக்கிறார்கள். நூலின் பெயர் பழையது, உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பகுதி பின்னாளையது. கோயில்கள் பெருகிய காலத்தில் கோயிலில் வேலை பார்த்தவர்களின் உரிமையும் நூலுக்குள் ஏறியது என்று நான் புரிந்துகொள்கிறேன். சொத்து யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் பத்திரமும் எழுதினார்கள்.

வேறு குரலும் சைவத்துக்குள் இருந்தது. சுவச்சந்த தந்திரம் என்ற பழைய நூல், தீட்சை பெற்றவர் அனைவரும் ஒன்றே, ஒருவருடைய பழைய சாதியைச் சொல்வது குற்றம், அதற்குக் கழுவாய் தேட வேண்டும் என்கிறது. அந்தக் குரல் நம் கோயில் நடைமுறைக்கு வரவில்லை. எது வந்தது, எது வரவில்லை என்பதைத் தீர்மானித்தது சிவன் அல்ல.

பெரியபுராணத்துக்கே வாருங்கள். காளத்தி மலையில் ஆகம முறைப்படி பூசை செய்தவர் சிவகோசரியார். வாயில் நீரும் கையில் இறைச்சியுமாக வந்தவர் வேடர் திண்ணன். கடைசியில் மறைந்து நின்று பார்த்தவர் யார்? ஆகமம் படித்தவர். சிலைமேல் கை வைத்தவர் யார்? வேடர். அந்த வேடர் கண்ணப்பராகி ஒவ்வொரு சிவன் கோயிலிலும் அறுபத்துமூவர் வரிசையில் கல்லாக நிற்கிறார். அவர் உயிரோடு வந்தால் அர்த்த மண்டபத்திலேயே தடுத்து நிறுத்திவிடுவார்கள்.

முறை என்னும் சொத்து

பரம்பரைப் பெருமை பேசும் மலர்கள் ஒரு சொல்லை மெதுவாகக் கடந்து போகும். அது 'முறை'. இன்ன மாதம் இத்தனை நாள் இன்னாருக்குப் பூசை முறை. அந்த நாள் வருமானம் அவருக்கு. அப்பன் முறை பிள்ளைகளுக்குள் பங்காகும். மதுரை மீனாட்சி கோயிலில் குலசேகர பட்டர், விக்கிரபாண்டிய பட்டர் என்று இரண்டு பிரிவினர் இப்படித்தான் உரிமையைப் பங்கு போட்டு வந்தார்கள். அந்தப் பட்டர்களோடு பழகி நூல் எழுதிய மானிடவியலாளர் கிறிஸ்டோபர் ஃபுல்லர், 1970-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் அங்கே கண்டது என்ன? பெரும்பாலோர் ஆகமத்தை முறையாகக் கற்றவர்கள் அல்லர், அப்பாவைப் பார்த்துப் பழகிக்கொண்டவர்கள். பிற பார்ப்பனர்கள் அவர்களைத் தமக்குக் கீழாகவே வைத்திருந்தார்கள். பலர் வறுமையில் இருந்தார்கள்.

இதே மதுரையில்தான் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் கோயிலுக்குள் போனார்கள். பட்டர்கள் கோயில் தீட்டாகிவிட்டது என்று பூசையைப் புறக்கணித்தார்கள். 1945 வரை பலர் திரும்பவில்லை. ஆறு ஆண்டு! பிறகு? திரும்பி வந்தார்கள். மீனாட்சி எங்கும் போய்விடவில்லை. இன்று பட்டியல் சாதி மக்கள் வரிசையில் நிற்கும் அதே கோயிலில் அவர்களுடைய பேரன்கள் பூசை செய்கிறார்கள். மாறவே மாறாத மரபு என்று அன்று சொன்னது ஆறே ஆண்டில் மாறியது. கருவறையும் அப்படித்தான் மாறும்.

எங்கள் ஊரும் வழக்கமும்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் சாதி இங்கே மென்மையானது என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். பிரெஞ்சு அரசு, 1819-இல் போட்ட ஒழுங்குமுறையில் இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பளிக்கும் என்று எழுதியது. 1827-இல் இந்திய வழக்கங்களைச் சொல்லித்தர ஓர் ஆலோசனைக் குழுவையே அமைத்தது. சாதி வழக்கத்துக்கு அரசு முத்திரை கிடைத்தது.

அந்த வழக்கத்தை உடைத்த கதையும் எங்களுக்கு உண்டு. 1873-இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போலக் காலணி அணிந்து நீதிமன்றம் போனார். இந்தியனுக்கு அந்த வழக்கம் இல்லை என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை போய் வென்றார். அவர் வெள்ளாளர், ஒடுக்கப்பட்டவர் அல்லர். ஆனாலும் வழக்கம் என்ற சொல்லுக்குப் பயந்து செருப்பைக் கழற்றியிருந்தால் அடுத்த தலைமுறையும் வெறுங்காலோடுதான் போயிருக்கும். 1881-இல் சாதிச் சட்டத்தைத் துறக்கும் உரிமை வந்தபோது ஒடுக்கப்பட்டவர்கள் பலர் துறந்து பிரெஞ்சுப் பெயர் சூடிக்கொண்டார்கள்.

கோயில் பெருமை பேசுகிறவர்கள் 1748-ஐ நினைவூட்டுவார்கள். ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில் துய்ப்ளேக்ஸ் ஆட்சி வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அதை எழுதிவைத்தார். அது அக்கிரமம்தான், எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. அதே நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுப் பக்கங்களையும் புரட்டுங்கள். மாதா கோயிலுக்குள் பறையர்களைப் பிரித்து வைக்க எழுப்பிய சுவரும், அதை அகற்றச் சொல்லி அவர்கள் எழுப்பிய குரலும் அதில் இருக்கின்றன. இடித்த கோயில் பிறகு ஈசுவரன் கோயில் வீதியில் எழுந்தது. இடம் மாறியது, கல் மாறியது, ஈசுவரன் அங்கேயும் வந்தார். இடமே மாறலாம் என்றால் ஆள் மாறக்கூடாதா?

பாரதி இந்த ஊரில் இருந்தபோது கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். அந்த நாளில் அது துணிச்சல். இன்று எனக்கு அது போதாது. பூணூலைக் கொடுப்பது வேறு, பூணூலே தகுதியாக இருக்கக்கூடாது என்பது வேறு. இதே ஊரில் பிறந்த பாவேந்தர் பாரதிதாசன் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டார். புரோகிதம் ஒழிய வேண்டும், அல்லது குறைந்தது பரம்பரையாக இருப்பது ஒழிய வேண்டும். அரசு தேர்வு வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தவரும் எழுதலாம். மருத்துவருக்குத் தகுதி கேட்கிற நாட்டில் புரோகிதருக்கு மட்டும் பிறப்பு போதுமா என்பதே அவர் கேள்வி.

பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். 1970 டிசம்பரில் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துச் சட்டம் செய்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்று சேர்த்துச் சொன்னது. முன்வாசலைத் திறந்து பின்வாசலில் பூட்டுப் போட்ட கதை அது. 2006-இல் மீண்டும் ஆணை, பயிற்சிப் பள்ளிகள், இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள், மீண்டும் வழக்கு. 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு அரசியல் சட்டத்தையும் சொன்னது, ஆகமத்தையும் விடவில்லை. படித்த பிள்ளைகள் சான்றிதழோடு வேறு வேலைக்குப் போனார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. 2023-இல் பெண்கள் மூவர் பயிற்சி முடித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பரம்பரைக்கு இதில் வேலையில்லை, பயிற்சியே போதும் என்றது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆகமக் கோயில்களில் இருக்கும் நிலை தொடரட்டும் என்றது. ஐம்பது ஆண்டு கழிந்தும் அதே படிக்கட்டில் நிற்கிறோம்.

எங்களுக்கு அடுத்த ஊர் சிதம்பரத்தைப் பாருங்கள். தீட்சிதர்கள் தாங்கள் ஆகமத்துக்குள்ளேயே வரமாட்டோம், எங்களுக்குத் தனி வைதீக முறை, நாங்கள் தனிச் சமயப் பிரிவு என்கிறார்கள். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஒரு கோயிலில் ஆகமம் இருப்பதால் நீ வரக்கூடாது. இன்னொரு கோயிலில் ஆகமம் இல்லாததால் நீ வரக்கூடாது. காரணம் கோயிலுக்குக் கோயில் மாறுகிறது, வெளியே நிற்பவன் மட்டும் மாறுவதில்லை.

கேரளத்தில் 2002-ஆம் ஆண்டு ஆதித்யன் வழக்கில், ஈழவர் ஒருவரைச் சிவன் கோயில் சாந்தியாக நியமித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் தேர்ந்தெடுத்த பார்ப்பனரல்லாத 36 பேரில் ஆறு பேர் தலித்துகள். எங்கள் புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் மாஹே அந்தக் கேரளத்தின் நடுவில்தான் கிடக்கிறது. மாஹேக்காரர் எல்லை தாண்டி நடந்தால் பார்க்கக்கூடியதை இங்கே கனவு காண வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி சட்டமன்றம் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டு அறநிலையச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கென்று 1972-இன் புதுச்சேரி இந்து சமய நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆகவே எங்கள் கோரிக்கை எங்கள் சட்டமன்றத்திடம்தான். அர்ச்சகர் பணிக்குப் பிறப்பு தகுதியும் அல்ல, தடையும் அல்ல என்று அந்தச் சட்டத்தில் எழுதுங்கள். அரசு செலவில் பயிற்சிப் பள்ளி வையுங்கள். பாடநூலுக்கு அலைய வேண்டியதில்லை, செயின்ட் லூயி வீதிக்கு நடந்தே போகலாம். ஆகமங்களைத் தமிழில் பெயர்த்து எல்லோர் கையிலும் கொடுங்கள். வில்லியனூர்த் தேர் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வடம் பிடிப்பது சமத்துவம் அல்ல. வடம் எல்லோரும் பிடித்ததுதான், கருவறைக் கதவுதான் பாக்கி.

சின்னக் கோயில்களில் தட்டுக் காசை நம்பி வாழும் குருக்களுக்கும் அரசு ஊதியமும் ஓய்வூதியமும் கொடுங்கள். நாங்கள் அவர்கள் வயிற்றில் அடிக்க வரவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அதே தேர்வை எழுதட்டும், எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "சாமியே இல்லை என்கிற உனக்குக் கருவறை எதற்கு?" எனக்கு அம்மனிடம் வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பொது இடத்தில், அரசு நிர்வகிக்கும் இடத்தில், உன் பிறப்பு இழிவானது என்று ஒவ்வொரு நாளும் ஆறு காலமும் மணியடித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. பக்தி உள்ளவருக்கு அது பூசை உரிமை, எனக்கு அது மானம்.

எங்கள் தெருவுக்கும் ஒரு வார்த்தை. பெரியப்பா மகன் போன வருடம் என்னிடம் சொன்னான்: "அப்பா செஞ்ச பூசைய எனக்குத் திருப்பி வாங்கிக் குடுண்ணா. அது நம்ம பரம்பரை." நான் அவனிடம் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. நமக்கும் பரம்பரை வேண்டாம் தம்பி என்றேன். அவன் கேட்கும் உரிமை கருவறைக்குள் போகும் உரிமை என்றால் அவனோடு நிற்பேன். அது அப்பன் வழியாக வருகிறது என்றால் நிற்க மாட்டேன். அதே சாவியைத்தானே ஐந்து கோத்திரக்காரர்களும் இடுப்பில் செருகியிருக்கிறார்கள்?

அவன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்படின்னா நான் செய்யலாமா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவளுக்கு யார் பதில் சொல்வது? எங்கள் தெரு முதலில் சொல்லட்டும். அது எங்கள் கோயில், சட்டமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஆடியில் முதல் குவளையை அவள் மொள்ளட்டும் என்று தெருக்கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.